கேள்வி – பதில்: திரும்பி வந்த குருதிப் புற்றுநோய்க்கு எந்த மருந்து?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பி-ஏ.எல்.எல். வகைக் குருதிப் புற்றுநோய், அதாவது பி-கலம் என்ற வெள்ளணுவில் தொடங்கி வேகமாகப் பரவுவது. கீமோ முடிந்து ஒரு வருடத்தில் திரும்பவும் வந்துவிட்டது. இங்குள்ள வைத்தியர் ப்ளினாட்டுமொமாப் என்கிறார். கனடாவில் இருக்கும் சித்தப்பா கார்-டி என்கிறார். இன்டர்நெட்டில் பார்த்தால் இனோட்டுசுமாப் என்று இன்னொன்று. மூன்றில் எது சிறந்தது?
– ஓர் அக்கா, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் ஒன்று கேட்கிறேன், உங்கள் இரத்தத்தைத் தம்பியோடு பொருத்திப் பார்த்துவிட்டார்களா? கூடப் பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, பாதி பொருந்தினாலும் இப்போது மாற்று சிகிச்சை செய்கிறார்கள், அதாவது இரத்தம் உருவாகும் என்பு மச்சைக்கு (எலும்பு மஜ்ஜைக்கு) இன்னொருவரின் கலங்களைக் கொடுப்பது. மருந்தைத் தெரிவு செய்வதே அதற்குப் பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதை வைத்துத்தான்.

ப்ளினாட்டுமொமாப் ஒரு கையால் நோய்க் கலத்தின் மேலுள்ள சிடி19 என்ற புரத அடையாளத்தையும் மறுகையால் தம்பியின் சொந்த டி-கலத்தையும் (நோயை எதிர்க்கும் வெள்ளணு) பிடித்துக் கோர்த்துவிடும். ஒரு சுற்று 28 நாள், இரவு பகலாகப் பம்பில் ஏறும், குளியலறைக்குப் போனாலும் பை கூடவே வரும். நரம்பைப் பாதிக்கிறதா என்று பார்க்கத் தினமும் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். அதே வரியைத்தான், ஒவ்வொரு நாளும். நேற்று நேராக நின்ற எழுத்து இன்று கோணி, கோட்டை விட்டுக் கீழே இறங்கினால் உடனே தாதியிடம் சொல்லுங்கள், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

இனோட்டுசுமாப் பிடிப்பது நோய்க் கலத்தின் மேலுள்ள இன்னொரு அடையாளமான சிடி22 ஐ. ஒட்டிக்கொண்டு உள்ளே போய் நஞ்சை இறக்கும். வாரம் ஒருமுறை, ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். 2016 இல் வந்த ஆய்வில் 100 பேரில் 81 பேருக்கு நோய் அடங்கியது, வழமையான கீமோவில் 29 பேருக்குத்தான். ஆனால் நடு உயிர்வாழ்வுக் காலம், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம், இனோட்டுசுமாப் பக்கம் 7.7 மாதம், கீமோ பக்கம் 6.7 மாதம்தான். நோய் அடங்கியதும் அந்த இடைவெளியைப் பிடித்து மாற்று சிகிச்சைக்குப் போகவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, ஈரலின் சின்ன நாளங்கள் அடைபடலாம், மாற்று சிகிச்சைக்குப் பிறகு அந்த ஆபத்துக் கூடும். என்பு மச்சையில் நோய்க் கலம் நிறைய இருந்தால் ப்ளினாட்டுமொமாப் அவ்வளவாக எடுபடாது, அப்போது இதை முதலில் யோசிப்பார்கள்.

சரி, சித்தப்பா சொல்லும் கார்-டி. தம்பியின் டி-கலங்களை எடுத்து, சிடி19 ஐ அடையாளம் காணும்படி மாற்றி, பெருக்கித் திரும்ப ஏற்றுவார்கள். 2012 இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்குச் செய்தார்கள், அவர் வளர்ந்து நன்றாக இருக்கிறார். கடல் தாண்டி இந்தியாவில் நெக்ஸ்கார்19 என்பதற்கு 2023 ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆனால் கலம் தயாராகச் சில வாரங்கள் ஆகும், அதுவரை நோயை அடக்கி வைக்கவேண்டும். இன்னொன்று, ப்ளினாட்டுமொமாப்பும் கார்-டியும் தேடுவது ஒரே சிடி19 ஐ. முதல் மருந்தில் தப்பிய கலங்கள் அதைக் கழற்றிப் போட்டிருந்தால் இரண்டாவதற்குப் பிடிக்க எதுவும் இராது. எனவே நோய் மறுபடி தலைகாட்டினால், சிடி19 இன்னும் இருக்கிறதா என்று புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வைத்தியர் சொன்ன மருந்தோடு தொடங்குவதில் எனக்கு மறுப்பில்லை, மச்சையில் நோய்க் கலங்கள் குறைவாக இருந்தால்.

கேள்வி: குருதிப் புற்றுநோய் உள்ளவருக்குப் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) ஏற பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: வேண்டாம். என்பு மச்சையை நோய்க் கலங்கள் அடைத்துக்கொண்டதால்தான் பிளேட்லெட் குறைகிறது, சாறு அதற்கு ஒன்றும் செய்யாது. வெள்ளணு இறங்கிய நேரத்தில் பச்சைச் சாறால் கிருமி தொற்றலாம். ஏற்கனவே கொடுத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள், ஈரல் டெஸ்ட் கூடினால் மருந்தாலா சாறாலா என்று அவர் குழம்பக்கூடாது.