ஹெர்பிஸ் துகளில் எந்தப் புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

உதட்டோரம் கொப்புளம் கிளப்பும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸை வைத்தே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன்.

அக்கா, விபி5, விபி26 என்கிறார்களே, அந்த எண் எதைக் காட்டுகிறது?

விபி என்றால் வைரஸ் புரதம். எண், புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை வந்த வரிசையைக் காட்டுகிறது. பெரிய புரதம் மேலேயே நின்றுவிடும், சிறியது கீழே ஓடிவிடும். விபி5 சுமார் 149 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), விபி26 வெறும் 12. எண்ணைப் பார்த்து இடத்தை ஊகிக்காதீர்கள்.

மேடம், சுத்தம் செய்த வைரஸை ஓட்டினால் ஏகப்பட்ட பட்டைகள். எது கேப்சிட் (டிஎன்ஏவை அடைத்திருக்கும் புரதக் கூடு), எது டெகுமென்ட் (கூட்டுக்கும் வெளியுறைக்கும் நடுவிலுள்ள புரத அடுக்கு) என்று எப்படிப் பிரிப்பது?

முதல் வழி, உரிப்பது. மிதமான டிடர்ஜென்ட் போட்டால் கொழுப்பு உறையும், அதில் பதிந்த கிளைக்கோபுரதங்களும் (சர்க்கரை இணைந்த புரதங்கள்) கழன்றுவிடும். பிறகு உப்பைக் கூட்டினால் டெகுமென்ட்டில் ஒரு பகுதி வெளியேறும். முழுவதும் வராது, யூஎல்36 போன்ற டெகுமென்ட் புரதங்கள் கேப்சிட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே "கழுவியும் போகவில்லை, எனவே கேப்சிட்" என்று எழுதிவிடக் கூடாது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. தொற்றிய செல்கள் கேப்சிட்டே இல்லாத எல்-துகள்களையும் வெளிவிடுகின்றன: உறையும் டெகுமென்ட்டும் மட்டும். ஃபைகால் கிரேடியன்ட்டில் (கீழே போகப் போக அடர்த்தி கூடும் கரைசல்) சுழற்றி, குழாயை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். கீழே கூர்மையான வெண்பட்டை முழு வைரஸ். அதற்கு மேலே கலங்கலாகப் பரவி நிற்பது எல்-துகள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஜெல்லில் ஓட்டுங்கள். எல்-துகளில் காணாமல் போகும் பட்டைகள்தான் கேப்சிட் புரதங்கள்.

விபி26 அவ்வளவு சின்னது. 200 மெகாடால்டன் கேப்சிட்டில் அதன் இடத்தை எப்படிக் கண்டார்கள்?

எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துப் பார்த்து. குவானிடின் ஹைட்ரோகுளோரைடு கொண்டு விபி26-ஐக் கழற்றினார்கள். பிறகு தூய விபி26-ஐச் சேர்த்து மறுபடி ஒட்டவைத்தார்கள். இரு நிலைகளையும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தபோது, மிஞ்சிய அடர்த்தி ஹெக்சான்களின் (கேப்சிட்டில் ஆறு விபி5 சேர்ந்த கொத்துகள்) வெளிநுனியைச் சுற்றி நின்றது. மூலைகளில் ஐந்து விபி5 சேர்ந்த கொத்தான பென்டானில் ஒன்றுமில்லை. இரண்டுமே விபி5-ஆல் ஆனவை என்பதை நினைத்துப் பாருங்கள்! 1994-ல் வந்த வேலை இது; இன்றும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

யூஎல்6 என்ற கேப்சிட் புரதம் மட்டும் ஏன் வெகுநாள் கண்ணில் படவில்லை?

அது கேப்சிட்டின் ஒரே ஒரு மூலையில்தான் இருக்கிறது, டிஎன்ஏ நுழையும் வாசலாக. படங்களைச் சராசரி எடுக்கும்போது 12 மூலைகளும் ஒன்றுபோல என்று கொண்டார்கள். மற்ற 11 மூலைகளின் பென்டான்கள் அதை மூழ்கடித்துவிட்டன. 2001-ல் தங்க மணி பூட்டிய ஆன்டிபாடியை விட்டுப் பார்த்தபோது, மணிகள் ஒரு மூலையில் மட்டும் ஒட்டின.

மாஸ் ஸ்பெக்கில் (எடையை வைத்துப் புரதங்களை அடையாளம் காணும் கருவி) செல்லின் சட்டகப் புரதமான ஆக்டின் வருகிறது. அதுவும் வைரஸின் கட்டமைப்புப் புரதமா?

அவசரப்படாதீர்கள், தம்பி. 2008 ஆய்வொன்றில் முதிர்ந்த வைரஸ்களில் 49 வரை செல் புரதங்கள் கிடைத்தன. உங்களுடையது உள்ளே இருப்பதா, வெளியே ஒட்டிய அழுக்கா? உடையாத வைரஸைப் புரோட்டியேஸில் ஊறவையுங்கள். வெளியே ஒட்டியது செரித்துவிடும், உறைக்குள் இருப்பது தப்பும். கூடவே இரண்டு சோதனைக் குழாய்கள் கட்டாயம்: ஒன்றில் புரோட்டியேஸோடு டிடர்ஜென்ட்டும் சேர்த்து உறையைத் திறந்துவிடுங்கள், அப்போது ஆக்டினும் செரிக்க வேண்டும். இன்னொன்றில் தொற்றாத செல்லின் ஊடகத்தை அதே மாதிரி சுத்தம் செய்து பாருங்கள். அதிலும் அதே அளவு ஆக்டின் வந்தால், அது உங்கள் வைரஸுடையது என்று சொல்ல முடியாது.