புறநகர்ச் சாலையை அகலப்படுத்தினால் விபத்து குறையுமா?

அகலப்படுத்தினால் விபத்து குறையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறையாது. அகலமான, நேரான சாலையைக் கண்டதும் ஓட்டுபவரின் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கைத் தொடும் ஒன்றரை நொடிக்குள்ளேயே 25 மீட்டர் ஓடிவிடும். 40 கி.மீ. வேகத்தில் அது சுமார் 17 மீட்டர்தான். மோதலின் ஆற்றலோ 60-இல் இரண்டேகால் மடங்கு. வேகப் பலகை மட்டும் நட்டால் யார் மதிக்கிறார்கள்? தடத்தைக் குறுக்க வேண்டும், கடக்குமிடத்தைச் சாலை மட்டத்திலிருந்து சற்று உயர்த்த வேண்டும்.

சரி, பேருந்துக்கு வருபவர்கள்? நிறுத்தத்தை ஒட்டியே கடக்க வழி வேண்டும். அரை கிலோமீட்டர் தள்ளி நடைமேம்பாலம் கட்டினால் குறுக்கேதான் ஓடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. சாலை நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளைப் பார்த்தாலே போதும். கடக்குமிடம் நிற்கும் பேருந்தின் பின்பக்கம் அமையட்டும். முன்னால் இருந்தால், இறங்கியவர் பேருந்தின் மறைவிலிருந்து திடீரென வெளிப்படுவார். முந்திவரும் வண்டிக்காரருக்குத் தெரியாது. அப்புறம், நிறுத்தம் வரை அறுபடாத நடைபாதையும் தெருவிளக்கும்.