கேள்வி பதில்: பின்தங்கும் பிள்ளையும் மூன்று அடுக்கு உதவியும்

சிறப்பாசிரியராக 22 வருடம் வேலை பார்த்தவன். வாசிப்பும் கணக்கும் என் துறை. மாத்திரை, மருந்து பற்றிக் கேட்டால் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

கவலைப்படும் அம்மா: மகளை 'இரண்டாம் அடுக்கில்' சேர்த்திருப்பதாகப் பள்ளியிலிருந்து கடிதம். வகுப்பை விட்டு ஒதுக்குகிறார்களா?

இல்லையம்மா. முதல் அடுக்கு என்பது எல்லோருக்குமான வகுப்புப் பாடம். அது உருப்படியாக நடந்தால் நூற்றுக்கு 80 பிள்ளைகள் அதிலேயே தேறிவிட வேண்டும் என்பது இந்த முறையின் கணக்கு. ஒரு 15 பேருக்குக் கூடுதலாகக் கைகொடுக்க வேண்டியிருக்கும். 3 முதல் 5 பேர் கொண்ட சின்னக் குழு, வாரத்தில் மூன்று நான்கு நாள், அரைமணி போல, பெரும்பாலும் 8 முதல் 12 வாரம். உங்கள் மகள் இங்கேதான் இருக்கிறாள். மிச்சமுள்ள 5 பேருக்குத் தனியாக, இன்னும் அடிக்கடி, அவரவர் குறைக்கேற்றபடி நடப்பது மூன்றாவது. பொது சுகாதாரத்திலிருந்து வந்த யோசனை இது: ஊருக்கெல்லாம் தடுப்பூசி, ஆபத்தில் இருப்பவருக்குத் தனிக் கவனிப்பு, படுத்துவிட்டவருக்குச் சிகிச்சை.

பள்ளியில் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தத் திறனுக்கு? எத்தனை வாரம்? எதை வைத்து அளப்பீர்கள்? மூன்றாவதற்குப் பதில் வரவில்லையென்றால் அந்தக் கடிதம் வெறும் காகிதம்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்: அளப்பது என்றால் வாராவாரம் பரீட்சையா சார்?

பரீட்சை இல்லை டீச்சர், ஒரே நிமிஷம். புதுப் பத்தி ஒன்றைப் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். உங்கள் கையில் அதன் நகல், பென்சில். தப்பான சொல்லில் ஒரு கோடு. நிமிஷம் முடிந்ததும் சரியாக வாசித்த சொற்களை எண்ணி கிராஃபில் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்டான்லி டெனோ என்ற மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் வளர்த்தெடுத்த வழி இது.

என்னிடம் ஒரு பையன் 23 சொல்லில் ஆரம்பித்தான். வாரத்துக்கு 2 சொல் கூட வேண்டும் என்று இலக்குக் கோடு போட்டேன். அடுத்த நான்கு வாரம்: 24, 25, 24, 25. நான்கு புள்ளியும் கோட்டுக்குக் கீழே. தொடர்ந்து நான்கு கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்று என்பது விதி. உட்கார்ந்து கவனித்தால், 'பட்டம்' என்று இருப்பதைப் 'பழம்' என்கிறான். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறான். நானோ கதை கதையாக வாசிக்கவைத்துக்கொண்டிருந்தேன்! கதையை நிறுத்தி, தினம் பத்து நிமிஷம் எழுத்துக் கூட்டவைத்தேன். மூன்று வாரத்தில் புள்ளி கோட்டைத் தாண்டியது.

மூன்று பேர் கேட்டது: டியூஷன் போட்டால் போதாதா?

டியூஷன் நாளைய வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கும். ஓட்டை எங்கே என்று பெரும்பாலும் தேடாது.

சந்தேகப் பிராணி: அமெரிக்காவில் 13 மாநிலங்களில் நடந்த ஆய்வு 2015இல் வந்ததே? முதல் வகுப்பில் உதவி பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிடக் கீழே போனார்கள். பிறகு எதற்கு இந்தக் கூத்து?

நல்ல கேள்வி. படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனால் அது வெட்டுமதிப்பெண்ணை, அதாவது யாருக்கு உதவி என்று பிரிக்கும் மதிப்பெண்ணை, ஒட்டி மேலேயும் கீழேயும் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு. அடிமட்டத்தில் தவிக்கும் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

சந்தேகப் பிராணி: நழுவுகிறீர்கள். விளிம்பில் இருந்தவனுக்குக் கெடுதல் நடந்ததா, இல்லையா?

நடந்தது. மறுக்கவில்லை. அந்தப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பு வாசிப்பு நேரத்திலேயே பிள்ளையை உதவிக் குழுவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். கூடுதல் சோறு போடுகிறேன் என்று இலையையே எடுத்தால் எப்படி? இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் மேல் வைப்பது. அதற்குப் பதிலாக வைப்பதல்ல. என் பள்ளியிலும் இதே தப்பு ஒரு வருடம் நடந்தது, கால அட்டவணை போட்டவன் நான்.

சந்தேகப் பிராணி: ஒப்புக்கொண்டதற்கு நன்றி. 'மெல்லக் கற்போர்' என்ற முத்திரைக்கும் பங்கு உண்டுதானே?

இருக்கலாம். அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. அடுக்கு உதவிக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

ஒரு தந்தை: மூன்று அடுக்கும் முடிந்த பிறகுதான் கற்றல் குறைபாட்டுக்கு மதிப்பீடு என்கிறார்கள்.

தப்பு. விழும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் இந்த முறையே வந்தது. 2004 சிறப்புக் கல்விச் சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்த அமெரிக்காவிலேயே, இதைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 2011இல் மத்தியக் கல்வித்துறை மாநிலங்களுக்கு எழுதியது. எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

இன்னொரு தந்தை: டியூஷன் பற்றி...

மேலே பாருங்கள்.

புதிய ஆசிரியை: எத்தனை வாரத்தில் அடுக்கு மாற்றலாம்?

புள்ளி சொல்லும். நாள்காட்டி சொல்லாது. அளக்காமல் யாரையும் நகர்த்தாதீர்கள், மேலேயும் சரி, கீழேயும் சரி.

புதிய ஆசிரியை: கிராஃப் தாள் இல்லை சார். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஆகுமா?

ஆகும். பென்சிலால் வையுங்கள். பிள்ளையையே வைக்கவிடுங்கள்.