பேத்தியை ஏற்றாத கப்பல்

கேள்வி: நான் ஹட்டனில் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. லண்டனில் இருக்கும் மகள் எங்கள் கல்யாண நாளுக்காக என்னையும் அவரையும் ஐரோப்பாவில் ஒரு வாரக் கப்பல் பயணம் அனுப்பப் பார்க்கிறாள். விளம்பரத்தில் 'அடல்ட்ஸ் ஒன்லி' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு இவர், "இந்த வயசுல இது வேறயா" என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஆறு வயதுப் பேத்தி வேறு தானும் வருவேன் என்று அழுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், முதலில் அந்த ஃபோனை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை சினிமா போஸ்டரில் மட்டும் பார்த்துப் பழகியதால் வந்த வினை இது. கப்பலில் அதற்கு அர்த்தம், பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள் என்பதுதான், வேறு ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் பிள்ளைகளின் சத்தத்தில் இருந்தவருக்கு ஒரு வாரம் அது இல்லாமல் இருப்பது கசக்குமா என்ன?

ஆனால் எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி இல்லை. வேர்ஜின் வொயேஜஸ் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரவானால் ஆட்டமும் பாட்டும்தான், பச்சை குத்தும் கடைகூட உள்ளேயே இருக்கிறது. வைக்கிங்கின் கடல் கப்பல்களும் 18க்கு மேல்தான், ஆனால் சூதாட்டக்கூடம் கிடையாது, புத்தகம், சொற்பொழிவு, பியானோ என்று அமைதியாகப் போகும். உங்கள் வீட்டுக்காரருக்கு இதுதான் சரி, விலைதான் கொஞ்சம் கடிக்கும். பி அண்ட் ஓவின் ஆர்கேடியா, அரோரா இரண்டும் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனிலிருந்து புறப்படுபவை, மகளே கொண்டுவந்து ஏற்றிவிடலாம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது விசாவைப் பற்றி. சவுத்ஹாம்ப்டனில் ஏறி ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம் போவதென்றால் நம் கடவுச்சீட்டுக்கு பிரித்தானிய விசா ஒன்று, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) ஒன்று என இரண்டு வேண்டும். கிரேக்கத்தில் ஏறினாலும், நடுவில் ஷெங்கனுக்கு வெளியே இருக்கும் துருக்கித் துறைமுகம் ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு, ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டிவரும். ஷெங்கனுக்கு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள், அதைச் செலவு என்று முணுமுணுக்காதீர்கள், கப்பல் டாக்டரின் பில்லைப் பார்த்தால் புரியும். ஆகவே மகளிடம், டிக்கெட்டுக்கு முன்னால் எந்தெந்தத் துறைமுகம் என்ற பட்டியலைக் கேளுங்கள்.

கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஜன்னலோரம் பிடித்து, கையில் தேசிக்காயும் ஷொப்பிங் பையுமாக இறங்குகிற ஆளா நீங்கள்? (நான் அப்படித்தான், கிதுல்கல வரும்வரை கண்ணே திறப்பதில்லை.) அப்படியென்றால் அறையைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனிக்கு ஆசைப்பட்டு உச்சித் தளத்துக்கோ முன்பக்கத்துக்கோ போகவேண்டாம். வாந்தி மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிதாகப் பலன் இல்லை, முன்னாலேயே போட வேண்டும், உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

பேத்திக்குச் சமாதானம் சொல்கிறேன் என்று, "கேட்டுப் பார்க்கலாம்" என்று மட்டும் வாய் விடாதீர்கள். தாய் தகப்பனோடு வந்தாலும் ஏற்றமாட்டார்கள். திரும்பி வந்ததும் நிலாவெளிக்குக் கூட்டிப்போய்ப் புறாத்தீவுக்குப் படகில் ஏற்றுங்கள், அவளுக்கு அதுதான் கப்பல்.

அப்புறம், வீட்டில் இடித்த சம்பலைப் பல கப்பல்களில் ஏற்றவிடமாட்டார்கள். சீல் உடைக்காத தேயிலைப் பக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். அங்கே தருவது நூலில் தொங்குகிற தேத்தண்ணி.