எஃப்கே கோமே: அந்த 2.4 நாள் எதனுடையது?

எஃப்கே கோமே என்ற ராட்சத விண்மீனின் ஒளி 2.4 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைவது, ஒளிந்திருக்கும் துணை விண்மீன் ஒன்றின் சுற்றுக்காலமோ என்று கேட்டிருந்தீர்கள். அல்ல. நீங்கள் சந்தேகப்பட்ட 2.4 நாள், அந்த ராட்சத விண்மீன் தன்னைத்தானே சுற்றும் காலம்தான்.

வீங்கினால் சுழற்சி மெதுவாக வேண்டும்; இது ராட்சதனாய் வீங்கிய பிறகும் பம்பரமாய்ச் சுழல்வதற்கு, ஒட்டிச் சுற்றிய இரண்டு விண்மீன்கள் கலந்து ஒன்றானதே காரணம் என்பது பலரின் கணிப்பு. அந்த வேகம், விண்மீனுக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் டைனமோவை முடுக்க, அதன் வெளி வளிமண்டலமான கொரோனா கோடிக்கணக்கான கெல்வினுக்குச் சூடேறி எக்ஸ் கதிரைக் கொட்டுகிறது.

சரிபார்க்க, சில மாத இடைவெளியில் எடுத்த ஒளிவளைவுகளை (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடங்கள்) 2.4 நாள் துண்டுகளாக மடித்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒளி குறையும் பள்ளம் நகர்ந்து வடிவம் குலைந்தால், காரணம் விண்மீனின் மேற்பரப்பில் உள்ள கரும்புள்ளிகள். துணையின் ஈர்ப்பில் நீண்ட விண்மீன் என்றால் வடிவம் அப்படியே இருக்கும். அப்புறம் ஆரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: 2.4 நாள் × நொடிக்கு 160 கி.மீ. (நம் பார்வைத் திசையில் தெரியும் சுழற்சி வேகம்) ÷ 50.6 (விடையைச் சூரிய ஆரமாக மாற்றும் எண்). குறைந்தது ஏழரைச் சூரிய ஆரம் வருகிறது. ராட்சதன்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஒரே நோக்கலை வைத்து எக்ஸ் கதிர் அளவை முடிவு செய்யாதீர்கள்; அன்றைக்கு ஃப்ளேர் (திடீர்க் காந்த வெடிப்பு) நடந்திருக்கலாம்.