முழங்கால் வலியும் தேக்கடி மூங்கில் தெப்பமும்

வணக்கம். முழங்கால் வலியுள்ள, நீச்சல் தெரியாத 62 வயதுத் தந்தையாரை டிசம்பரில் மதுரையிலிருந்து தேக்கடி மூங்கில் தெப்பப் பயணத்திற்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தண்ணீரை நினைத்து அஞ்சுகிறீர்கள். எனக்கோ நடையைப் பற்றித்தான் கவலை. தெப்பத்தில் மிதவைச் சட்டை தருவார்கள், வழிகாட்டிகளே துடுப்புப் போடுவார்கள், வனக்காவலர் ஒருவர் துப்பாக்கியுடன் உடன் வருவார். ஆனால் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் அந்த முழுநாள் பயணத்தில் ஏற்ற இறக்கமான காட்டுப் பாதையில் நடக்க வேண்டியிருப்பதாலும், குழுவாகவே செல்வதாலும், ஒருவர் மட்டும் பாதியில் திரும்புவது எளிதன்று.

ஆகவே பதிவு செய்யுமுன், ஒரு நாள் காலையில் அழகர்மலை அடிவாரத்திலிருந்து மலைமேல் உள்ள நூபுர கங்கைத் தீர்த்தம் வரை அவரை நிதானமாக நடத்தி, நடந்தே இறக்கி வாருங்கள். மலையிலிருந்து இறங்கும்போதுதான் வலி தெரியும். மறுநாள் காலை அவர் எப்படி எழுகிறார் என்பதையும் கவனியுங்கள்.

தேக்கடிக் காட்டுப் பாதையின் மழை ஈரத்தில் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் நூல் போல மெலிந்து புல் நுனியில் காத்திருக்கும். அவற்றைத் தடுக்கக் காலில் அணியத் தரும் துணி உறையின் நாடாவை வலியுள்ள முழங்காலில் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

நடை ஒத்துவராவிட்டால், தேக்கடிப் படகுத்துறையிலிருந்து செல்லும் சாதாரணப் படகுச் சவாரியே அவருக்குப் போதும். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய, நம் வைகைக்கு வந்துசேரும் அதே நீரை அவர் அமர்ந்தபடியே கண்டு மகிழலாம்.