வீடாக இயங்கும் குழந்தை இல்லங்கள்: கேள்வி பதில்

பெற்றோரை இழந்த குழந்தைகளையும், பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தைகளையும் வீட்டுச் சூழலில் வளர்க்கும் தொண்டு இல்லங்கள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, குடும்ப முறை இல்லம் என்கிறார்களே, அது விடுதியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பெரிய விடுதியில் பார்த்துக்கொள்பவர்கள் ஷிஃப்ட் முறையில் மாறிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி பயந்து அழும் குழந்தைக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. குடும்ப முறையில் ஒரு வீட்டுக்குச் சில குழந்தைகள்தான். பெரியவர்களும் சின்னவர்களும் கலந்திருப்பார்கள், கூடவே தங்கி வளர்க்கும் அம்மா ஒருவர் இருப்பார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆதரவில்லாமல் நின்ற குழந்தைகளுக்காக ஹெர்மன் க்மைனர் 1949-ல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் ஊரில் எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமத்தைத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். அம்மா, உடன்பிறப்புகள், வீடு, கிராமம் என்ற நான்கையும் அவர் அடிப்படையாக வைத்தார். ஆனால் தனித்தனி வீடு கட்டிவிட்டு, வளர்க்கும் அம்மாவை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் அது சின்ன விடுதிதான்.

என் உறவுக்காரப் பெண்ணின் கணவர் இறந்துவிட்டார். வருமானம் இல்லை. பிள்ளைகளை நல்ல இல்லத்தில் சேர்க்கலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த அம்மாவுக்கு என்ன உதவி கிடைத்தால் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். பள்ளிச் செலவா, வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆளா, சில மாத வாடகையா? வறுமை மட்டுமே காரணமாக ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது) வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஏராளமானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடுதான் இருக்கிறார்கள். நல்ல இல்லம் என்றால், சேர்க்க வருபவரிடம் இந்தக் கேள்விகளை அதுவே கேட்கும்.

அண்ணன், தங்கை. பையன்கள் இல்லம் ஒன்று, பெண்கள் இல்லம் ஒன்று என்று பிரிக்கச் சொல்கிறார்கள்...

கூடியவரை சம்மதிக்காதீர்கள். எல்லாம் போன பிறகு அந்தக் குழந்தைக்கு மிஞ்சியிருக்கும் குடும்பம் அந்த அண்ணன்தான். குழந்தையின் நலனுக்கு ஆபத்து என்ற தெளிவான காரணம் இல்லாமல் உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதல்களில் இருக்கிறது.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? சாப்பாடும் சுத்தமும் இருந்தால் போதாதா, அம்மா?

போதாது. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி 1989-ல் கவிழ்ந்தபோது, கூட்டம் நிறைந்த இல்லங்களில் பேச்சும் அணைப்பும் இல்லாமல் கிடந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. பிறகு, 2000-களின் தொடக்கத்தில், புகாரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் போல் தேர்ந்தெடுத்துப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. குடும்பங்களுக்குப் போனவர்கள் அறிவுத்திறன் சோதனையிலும், வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்வதிலும் முன்னேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். அதனால்தான் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இல்லத்தைவிட வளர்ப்புக் குடும்பமே நல்லது என்கிறோம். குடும்ப முறை இல்லம் நடத்துபவர்களும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மகள் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட்டு, குழந்தைகளோடு ஒருநாள் இருக்கலாம் என்று ஆசை. சரிதானே?

உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் அந்தக் குழந்தைகளின் இடத்திலிருந்து பாருங்கள். வாராவாரம் புதியவர்கள் வருகிறார்கள், தூக்கிக் கொஞ்சுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஏற்கெனவே விட்டுப்போகப்பட்ட குழந்தைக்கு இது மறுபடி மறுபடி நடக்கிறது. யார் வந்தாலும் மடியில் ஏறிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து "எவ்வளவு பாசம்!" என்பார்கள். தனக்கென்று நிலையான ஒருவர் இல்லாததால்தான் இப்படி ஒட்டிக்கொள்கிறதோ என்று எனக்கு அங்கே கவலைதான் வரும். அதே பணத்தை வளர்க்கும் அம்மாவின் சம்பளத்துக்கோ பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கோ கொடுங்கள். முகம் தெரியும் படங்களை எங்கேயும் போடாதீர்கள்.

நன்கொடை கொடுக்கும் முன் என்ன விசாரிக்க வேண்டும்?

கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வளர்க்கும் அம்மா எத்தனை வருடமாக இருக்கிறார்? அவர் விடுப்பில் போனால் யார் வருகிறார்? சொந்தக்காரர்களைப் பார்க்கக் குழந்தைக்கு வழி உண்டா? ஒரு பெரியவர் தப்பாக நடந்தால், இல்லத்துக்கு வெளியே யாரிடம் குழந்தை சொல்ல முடியும்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் கொடுக்காதீர்கள்.

18 வயது ஆனதும் வெளியே போகச் சொல்வது நியாயமா?

இல்லை. படிப்போ தொழிலோ கைக்கு வரும்வரை தங்க இடமும், பண்டிகைக்குத் திரும்பி வர ஒரு வீடும் வேண்டும். இதற்குத் தனியாக நிதி ஒதுக்காத இல்லம் பாதி வேலைதான் செய்கிறது.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. வளர்க்கும் அம்மாவாகப் போகலாமா?

தாராளமாக யோசியுங்கள். ஆனால் சேவை என்று சொல்லிச் சம்பளத்தையும் ஓய்வையும் விட்டுக்கொடுக்காதீர்கள். சோர்ந்துபோனவர்கள் பாதியில் கிளம்புகிறார்கள், இழப்பு குழந்தைக்கு. பயிற்சி தருவார்களா, வாராந்திர ஓய்வு உண்டா, முதுமையில் ஆதரவு என்ன என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் முதலில் சில மாதம் உதவியாளராக இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.